நெருப்புக் காய்ச்சலும் நானாவின் சாப்பாட்டுக் கடையும்

சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள், உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "எங்க சாப்பிட்ட?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

நானா என் மூத்த சகோதரன், ரிஸ்வான். கற்பிட்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத வீடான பிறகு உம்மாவின் சோறும், நானாவின் சோறும், என் கம்பஸ் படிப்பும் அந்தக் கடையிலிருந்துதான் வருகின்றன. ஆகவே "எங்க சாப்பிட்ட?" என்ற கேள்விக்கு நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. பிழையான பதில் கடையை மூடிவிடும். சரியான பதிலும் மூடிவிடக்கூடும் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் கண்டுபிடித்தேன். அதை முழுதாக ஒரு தரம் எழுதிவிட்டால் ஆளுக்கு ஆள் சொல்லத் தேவையில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பஸில் உயிரியல் படிக்கிறேன். கிருமி என்றால் எனக்கு ஒரு பைத்தியம். எந்தக் கடைக்குப் போனாலும் சாப்பாட்டைப் பார்க்க மாட்டேன், பரிமாறுகிறவரின் நகத்தைத்தான் பார்ப்பேன். காசு வாங்கிய கையாலேயே பாண் எடுத்தால் எழுந்து வந்துவிடுவேன். குளிர்பானத்தில் ஐஸ் மிதந்தால் அது மீன்பெட்டிக்கு வந்த ஐஸா என்று கேட்பேன். அதனால் வீட்டில் என் பட்டப்பெயர் பீஎச்ஐ. கடைகளைச் சோதிக்க வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இப்படிப்பட்ட எனக்குத்தான் அந்தக் காய்ச்சல் வந்தது.

பரீட்சை லீவுக்கு வீடு வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. ஒரு பின்னேரம் தலையிடி, பிறகு குளிர். பனடோல் போட்டால் இறங்கும். அடுத்த நாள் அதே நேரம், நேற்றைவிட உயர்ந்து வரும். உம்மா என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"முகாம்ல இருக்கேக்க எனக்கும் இப்பிடித்தான். படி ஏறுற மாதிரி ஒவ்வொரு நாளும் கூடிக் கூடி வந்தது. இது நெருப்புக் காய்ச்சல், மகள்."

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்தவர் உம்மா. அப்போது சின்னப் பிள்ளை. கற்பிட்டிப் பக்கத்து ஓலைக் கொட்டில் முகாமில்தான் வளர்ந்தார். நான் போர்வைக்குள்ளிருந்தே சிரித்தேன்.

"உம்மா, இந்தக் காலத்தில ஆருக்கு நெருப்புக் காய்ச்சல் வருது? டெங்கு எண்டு சொல்லுங்க, நம்பலாம்."

"நீ படிச்சவள். நீயே சொல்லு," என்று உம்மா கொத்தமல்லி அவிக்கப் போனார்.

கற்பிட்டி ஆஸ்பத்திரியில் டெங்கு இல்லை என்றார்கள். காய்ச்சல் விடவில்லை, வயிறும் நோகத் தொடங்கியது. புத்தளத்துக்கு அனுப்பினார்கள். நானா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வேன் பிடித்து வந்தார். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் என் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தார்.

வார்டில் என் சந்தேகத்துக்கு வேலை கூடிவிட்டது. தண்ணீர்க் குழாய், கதிரையின் கைப்பிடி, வெப்பமானி, பக்கத்துக் கட்டிலின் ஈ, எல்லாவற்றையும் கண்காணித்தேன். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற தாதி ஒருவர், சிலாபத்துக்காரி, சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பவர், தங்கச்சியை நங்கி என்பவர், என் கையில் கெனுலா ஏற்ற வந்தார். கெனுலா என்பது ஊசியோடு நரம்புக்குள் போய், ஊசி வெளியே வந்த பிறகும் உள்ளேயே தங்கிவிடுகிற மெல்லிய குழாய். மருந்துக்கு ஒவ்வொரு முறையும் குத்தத் தேவையில்லை.

"மிஸ்ஸி, கை கழுவினீங்களா?"

"நங்கி, கழுவினது. வேணுமெண்டா மணந்து பாருங்க," என்று கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். தொற்றுநீக்கி வாசம் அடித்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பள்ளிவாசல்துறையிலிருந்து வந்த ஒரு ராத்தா. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். புருஷன் கடலுக்குப் போகிறவர். இவருக்கும் என்னுடையது போலவே விடாத காய்ச்சல். ஆனால் வாய்க்குக் காய்ச்சல் இல்லை. "இந்தப் புள்ள தண்ணி குடிக்க முந்தி தண்ணிக்கிட்ட அடையாள அட்டை கேக்கும்," என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொல்வார்.

டொக்டர் ஓர் இளம் பெண். இரத்தம் எடுத்து ஒரு போத்தலில் விட்டார்கள். அந்தப் போத்தலுக்குள் கிருமி விரும்பித் தின்னும் சாப்பாடு இருக்கும். இரத்தத்தில் கிருமி இருந்தால் அது அங்கே பெருகிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குச் சில நாள் பொறுக்க வேண்டும். பொறுத்திருந்த நாட்களில் டெங்கு இல்லை என்று மறுபடியும் சொன்னார்கள். எலிக்காய்ச்சலும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு 'இல்லை'க்கும் நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கோ ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு கதவைச் சாத்தி, இருட்டான ஓர் அறைக்குள் தள்ளுவது போல இருந்தது.

கடைசியில் டொக்டர் வந்து சொன்னார்: "டைபோயிட். நெருப்புக் காய்ச்சல்."

உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான் சொன்னேன்தானே என்று சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

டொக்டர் விளக்கினார். இந்தக் கிருமி மாட்டில் இல்லை, மீனில் இல்லை, கோழியில் இல்லை. மனிதரில் மட்டும்தான் வாழும். ஒருவர் மலத்தோடு வெளியேறி, கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போகும். குடலின் சுவரை அரித்து மெல்லியதாக்கிவிடும். சில பேருக்குக் குடலே துளைபட்டுப் போகலாம். ஆகவே வயிற்று வலி திடீரென்று கூடினால் உடனே சொல்ல வேண்டும். அதன் பிறகு நான் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அமுக்கி அமுக்கியே நோகச் செய்துகொண்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

"டொக்டர், நான் கண்டுபிடிச்சிட்டன்," என்றேன். "காய்ச்சலுக்கு முதல் நாள் புத்தளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில பலூடா குடிச்சன். ஐஸ் ஒரு மாதிரி இருந்தது."

"அது இல்ல. இந்தக் கிருமி உள்ளுக்குப் போய் ஒண்டு ரெண்டு கிழமை சத்தமில்லாம இருக்கும். நேற்று முந்தநாள் சாப்பிட்டத விடுங்க. அதுக்கு முந்திப் போங்க."

பலூடாக்காரர் விடுதலையானார். அதற்கு முந்திய நாட்களைத் தேடினேன். அந்த நாட்களில் நான் வெளியே எங்கும் போகவில்லை. வீட்டில் சாப்பிட்டேன், நானாவின் கடையில் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

அந்தக் கணத்திலிருந்து என் சந்தேகம் முழுவதும் நானாவின் மேல் திரும்பியது. கடையில் புதிதாகச் சேர்ந்த கொத்து ரொட்டி போடுகிறவர் யார்? தண்ணீர்த் தாங்கியை எப்போது கழுவினார்கள்? நெருப்புக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதாரப் பணிமனைக்கு அறிவித்தே ஆக வேண்டும், பீஎச்ஐ விசாரிக்க வருவார் என்று டொக்டர் சொன்னதும் நானாவின் நடத்தை மாறியது. தோடம்பழம் வந்தது. செவ்விளநீர் வந்தது. கையில் பிடிக்கிற சின்ன மின்விசிறி வந்தது. கேட்காமலே என் போனுக்கு டேட்டா போட்டுவிட்டார். நானா அன்பானவர்தான். ஆனால் அவருடைய அன்பு இவ்வளவு பொதிகளில் வந்து நான் கண்டதில்லை.

பொதிகளின் அர்த்தம் சீக்கிரமே தெரிந்தது.

"பீஎச்ஐ வந்தா கம்பஸ் கன்டீன்ல சாப்பிட்டது எண்டு சொல்லு," என்றார், தோடம்பழம் உரித்துக்கொண்டே.

"கம்பஸ்ல இருந்து வந்து எவ்வளவு நாளாச்சு, நானா."

"அவர் என்ன, கணக்குப் பார்க்கவா வாறார்?"

"அவரிட வேலையே அதுதான்."

"எனக்காக நீ ஒரு வார்த்தை மாத்திச் சொல்ல ஏலாதா?"

தோடம்பழச் சுளையை நான் வாங்கவில்லை. நானா அதைத் தானே தின்றார். அந்த நாட்களில் நான் தின்றது உம்மாவின் கையிலிருந்து மட்டும்தான். ஆஸ்பத்திரிச் சோற்றை நம்பவில்லை, கடையிலிருந்து வந்ததை நம்பவில்லை. உம்மா பிளாஸ்கில் கொண்டுவரும் அரிசிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார். உலகத்தில் சோதிக்கத் தேவையில்லாத ஒரு சாப்பாடு என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

பீஎச்ஐ வந்தார். முப்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், புத்தளத்துக்காரர், சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் மேலும் எனக்குச் சந்தேகம். நானாவின் கடைக்கு 'ஏ' தரச் சான்றிதழ் கொடுத்தவர் இவர்தான். அங்கே பிளேன்ரீ குடித்துக்கொண்டு கொடுத்தாரோ என்னவோ. அவர் என்னைக் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன்: வீடும் கடையும். நானா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

அடுத்ததாகப் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். அந்த ராத்தாவுக்கும் அன்று காலையில்தான் நெருப்புக் காய்ச்சல் என்று முடிவு வந்திருந்தது.

"நீங்க வெளிய எங்கயும் சாப்பிட்டீங்களா, ராத்தா?"

"நான் எங்க தம்பி வெளிய போறன். கற்பிட்டிக் கிளினிக்குக்கு வந்தா மட்டும் ஒரு கடையில காலச்சாப்பாடு. பெரிய வீதியில, பச்சைப் போர்ட் போட்ட கடை."

நானாவின் கடைக்குத்தான் பச்சைப் போர்ட்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"இடியப்பமும் சம்பலும். மீன் கறி வைக்க வந்தான், வேணாம் எண்டன். மீன் எங்கட வீட்டில இல்லையா? சம்பல்தான் திறம். இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு எண்டு கேட்டு வாங்கித் திண்டன்."

பீஎச்ஐ பேனாவை மூடினார். நானாவைப் பார்த்தார்.

"ரிஸ்வான், உங்கட கடைக் குசினிய எத்தின தரம் பார்த்திருக்கன். வேலையாக்கள் எல்லாருக்கும் டைபோயிட் ஊசி போட்டிருக்கு. தண்ணி சரி. குளிர்பெட்டி சரி. ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல. காலையில அவ்வளவு சம்பல் விக்கிறீங்க. குசினில ஒரு திருவலை இல்ல."

திருவலை இல்லாமல் தேங்காய் துருவ முடியாது. தேங்காய் துருவாமல் சம்பல் இல்லை.

"துருவின தேங்காய் வாங்குறம், சேர்," என்றார் நானா.

அது பொய் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு உம்மா எங்கள் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து தேங்காய் துருவி, மிளகாயும் வெங்காயமும் இடித்து, தேசிக்காய் பிழிந்து, கையால் அழுத்திப் பிசைந்து நீல வாளி நிறைய அனுப்புவார். கையால் பிசைந்தால்தான் தேங்காய் எண்ணெய் விடும் என்பார். கடைக் குசினியில் ஆண்கள் நிற்பதால் உம்மா அங்கே போவதில்லை. கடைகளுக்கு வீட்டுப் பெண்கள் இப்படிச் செய்து கொடுப்பது எங்கள் பக்கத்தில் ஒரு புதினமும் இல்லை. வாளி நானாவின் முச்சக்கர வண்டியில் போகும். பீஎச்ஐ சோதிப்பது கடையை. வாளி வருவது வீட்டிலிருந்து.

உம்மா பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பீஎச்ஐ போன பிறகு உம்மா தொழப் போனார். நான் நானாவைப் பிடித்தேன்.

"கடையக் காப்பாத்தப் பொய் சொல்லுறீங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு மனிசி கிடக்கிறா. அவவப் பாருங்க."

"கடை கிடக்கட்டும்," என்றார் நானா. குரல் இறங்கியிருந்தது. "சொன்னா அவர் வீட்டுக்கு வருவார். உம்மாட குசினிக்குள்ள நிண்டு தேடுவார். மகன்ட உழைப்பில சும்மா இருந்து தின்ன மாட்டன் எண்டு தானே உம்மா அந்தச் சம்பலச் செய்யுறா? அவட கைய நான் என்னண்டு காட்டிக்குடுக்கிற?"

பக்கத்துக் கட்டிலில் போர்வை அசைந்தது. "எனக்குக் கேக்கல்ல," என்றார் ராத்தா. "நீங்க கதைங்க."

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கறி கொதிக்கிறது. இடியப்பம் அவிகிறது. கொத்து தகட்டில் வேகிறது. தேநீர் சுடச்சுட வருகிறது. கொதித்த எதிலும் இந்தக் கிருமி மிஞ்சாது. நெருப்பே படாமல் கடைக்கு வந்து, வெக்கையில் பத்து மணி வரைக்கும் வாளியில் இருக்கிற சாமான் ஒன்றுதான். நகம் பார்க்கிற எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை? உம்மாவின் நகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதால்தான்.

ஆனால் உம்மாவுக்கு நோய் இல்லையே. போனை எடுத்துத் தேடினேன். நெருப்புக் காய்ச்சல் வந்து சுகமானவர்களில் சில பேருடைய பித்தப்பையில், அதாவது ஈரலுக்குக் கீழே இருக்கிற சின்னப் பையில், கிருமி ஒளிந்து தங்கிவிடுமாம். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பல வருடம் இருக்கும். சில காலம் வெளியே வரும், சில காலம் வராது. நோய்க்காவி என்று இவர்களைச் சொல்கிறார்கள்.

முகாம்ல இருக்கேக்க எனக்கும் இப்பிடித்தான்.

போனைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

மறுநாள் பார்வை நேரத்தில் உம்மா பிளாஸ்கைத் திறந்தபோது சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கஞ்சிக்குள்ளேயே நின்றது.

"அப்ப இந்தக் கஞ்சி?"

"கஞ்சி கொதிச்சது உம்மா. கஞ்சியில ஒண்டும் இல்ல."

"உனக்குத் தந்தது நான்."

"கிருமி தந்தது."

"என்ட கையால." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் மிளகாய்ச் சிவப்பு எப்போதும் கொஞ்சம் இருக்கும். பிறகு கையை முக்காட்டின் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டார். "ரிஸ்வானுக்குத் தெரியுமா?"

"நானாவுக்கு வாளி மட்டும்தான் தெரியும். முகாம்ல வந்த காய்ச்சல அவர் யோசிக்கல்ல."

உம்மா கொஞ்ச நேரம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். ராத்தா கெனுலா ஏறிய கையை வயிற்றில் வைத்தபடி நித்திரை.

"அந்தத் தம்பிட நம்பரத் தா. நானே சொல்லுறன். நீ சொன்னா கோள். அவன் சொன்னா பயம். நான் சொன்னாத்தான் கதை."

பீஎச்ஐ வார்டுக்கே வந்தார். வாளி முதல் முகாம் வரை உம்மா எல்லாவற்றையும் சொன்னார். நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

"தம்பி, அஞ்சு நேரமும் வுளூச் செய்யிற கை. ஒவ்வொரு தரமும் மூணு தரம் கழுவுறன். இந்தக் கையில எப்பிடி?"

தொழுமுன் கை கால் கழுவுகிற எங்கள் வுளூ வெறும் தண்ணீரில்தான். உம்மாவின் கை எந்த நேரமும் ஈரமாகவே இருக்கும், அதனால்தான் அந்தக் கையை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஸுபஹுக்குக் கழுவியதும் அதே ஈரத்தோடு நேரே தேங்காய்க்குப் போவார்.

"வுளூ தொழுகைக்கு, ராத்தா," என்றார் பீஎச்ஐ உம்மாவிடம். "சம்பலுக்குச் சவர்க்காரம்."

கட்டிலில் கிடந்த எனக்கு அவர் மேலிருந்த சந்தேகம் அப்போதுதான் போனது.

உம்மாவின் மலத்தைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். பித்தப்பையில் கல் இல்லை, இருந்திருந்தால் மருந்து மட்டும் போதாது, சத்திரசிகிச்சைதான். கிழமைக் கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். முடிந்த பிறகும் இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதுவரை பிறருக்குச் சமைக்கக் கூடாது.

எனக்கும் ராத்தாவுக்கும் காய்ச்சல் ஏறியது போலவே படிப்படியாக இறங்கியது. வீட்டுக்கு வந்தேன். கடை சில நாள் பூட்டியிருந்தது. திறந்ததும் நானா வந்தவர்களிடம் நேராகச் சொன்னார்: "எங்கட சம்பல்லதான் வந்தது. இப்ப சம்பல் இல்ல. சரியானாச் சொல்லுவன்." யாருடைய கை என்று சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்தது. பாதிக் கதிரை காலியாகக் கிடந்தது. வந்தவர்களும் இடியப்பத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்துத்தான் தின்றார்கள். என்னைப் போல ஆகிவிட்டார்கள்.

வீட்டில் நான் சமைத்தேன். உம்மா கதிரையில் இருந்து, கையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, வாயால் சமைத்தார். ஒரு கோப்பையைக்கூட எனக்கு எடுத்துத் தரவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் கதைத்தார். "எழுது. கைய மட்டும் எழுதாத. சவர்க்காரத்தையும் எழுது."

கடைசிச் சோதனையும் சுத்தமாக வந்ததும், பீஎச்ஐயிடம் கேட்டு நானா கடைக் குசினியில் ஒரு பக்கத்தை மறைத்துக் கட்டினார். அங்கே ஒரு புதுத் திருவலை, ஒரு தண்ணீர்க் குழாய், அதன் தலையில் ஒரு சவர்க்காரக் கட்டி. உம்மா முதல் தரமாகக் கடைக்கு வந்தார். நான் குழாயடியில் நின்றேன். சவர்க்காரம் போட்டு, வலது கை முதலில், விரலுக்குள் விரல் கோர்த்து, மணிக்கட்டு வரைக்கும் மூன்று தரம் கழுவினார்.

"போதுமா, பீஎச்ஐ?"

"நகத்துக்குள்ள," என்றேன்.

நாலாவது தரமும் கழுவினார்.

அன்று கிளினிக் நாள். பத்து மணிக்கு முன்னால் பள்ளிவாசல்துறை ராத்தா கடைக்குள் வந்து ஒரு மேசையில் இருந்தார். இடியப்பம் வைத்தார்கள். நானா தானே சம்பல் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகினார். மற்ற மேசைகளில் கதை நின்றது. குசினி மறைப்புக்குப் பின்னால் திருவலையின் சத்தமும் நின்றது.

ராத்தா சம்பலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"நீ முதல்ல தின்னு."

ஒரு பிடி இடியப்பத்தில் சம்பலைப் பிசைந்து வாயில் போட்டேன். மென்று விழுங்கும் வரைக்கும் அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை, காரமா கசப்பா என்று நாக்கின் நுனியில் தேடினேன். தேசிக்காய்ப் புளிதான் இருந்தது.

ராத்தா கோப்பையைத் திரும்ப இழுத்தார். ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார். பிறகு குசினிப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

"உள்ளுக்க இருக்கிற ராத்தாவ இன்னும் கொஞ்சம் சம்பல் போடச் சொல்லு."